அத்தான் சும்மா தந்த கார்

அத்தான் எனக்குச் சும்மா தந்த பொருள் ஒன்றே ஒன்றுதான். அது ஒரு கார். அதைத் தந்தபோது அவர் சிரித்தார், சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். என் சிரிப்பு மட்டும் பொய். இந்தக் காரை வைத்தே இந்த மனிசனை ஒருநாள் ஊர் பார்க்க வெட்கப்பட வைப்பேன் என்று சிரித்து முடிப்பதற்குள் மனதில் முடிவெடுத்துவிட்டேன்.

அத்தான் என் அக்காவின் கணவர். எனக்கு முந்தியே கனடாவின் மொன்றியலுக்கு வந்து காலூன்றியவர். நகரத்தின் வடக்கே, அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பக்கம், கராஜோடு வீடு வாங்கியிருந்தார். நான் பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருந்தேன். வேலை, குளியல் தொட்டி செய்யும் தொழிற்சாலையில். பைபர் துணியை அச்சில் விரித்து, பிசின் பூசி, உருளையால் காற்றை வெளியேற்றுவது. வீட்டுக்கு வந்த பிறகும் கையெல்லாம் அரித்துக்கொண்டிருக்கும்.

கோபம் காருக்கு முந்தியது. அக்காவின் மூத்த மகள், என் மூத்த மருமகளின் சாமத்திய வீட்டில் தொடங்கியது. அழைப்பிதழில் பூப்புனித நீராட்டு விழா என்று அழகாகப் போடுவார்கள். பெண் பெரியபிள்ளையானதும் செய்கிற அந்தச் சடங்கில் தாய்மாமன் இல்லாமல் ஒன்றும் நடக்காது. தேங்காய் உடைப்பது அவன். பாலில் தோய்த்த அறுகம்புல்லை அவள் தலையில் முதலில் வைப்பதும் அவன். என் அக்காவுக்கு நான் ஒரே ஒரு தம்பி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அன்றைக்கு மண்டப வாசலிலேயே அத்தான் என் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"மச்சான், கார் பார்க்கிலை கொஞ்சம் நில். சனம் கண்டபடி விட்டிட்டுப் போகுதுகள். நேரம் வரேக்கை கூப்பிடுறன்."

புதுக் கோட்டோடு நின்றேன். குளிர்காற்றில் கையை அசைத்து அசைத்து, வந்த கார்களையெல்லாம் ஒழுங்காக நிறுத்தினேன். ஒருவரும் கூப்பிடவில்லை. உள்ளே கெட்டிமேளம் கேட்டதும் ஓடினேன். மேடையில் மருமகளின் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றவர், ரொறன்ரோவில் நகைக்கடை வைத்திருக்கும் எங்கள் பெரியம்மாவின் மகன். அக்கா என்னைக் கண்டாள். கண்டுவிட்டு, மகளின் மாலையைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்துகொண்டாள்.

"நேரம் போட்டுது மச்சான், ஐயர் அவசரப்படுத்திப்போட்டார்" என்றார் அத்தான். அவசரத்தில் மேடை ஏறியவருக்கு அத்தானின் சால்வையோடு சோடி சேர்ந்த கரைவேட்டி எங்கிருந்து வந்ததென்று நான் கேட்கவில்லை. இரண்டும் ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கியவை. குளியல் தொட்டி செய்கிறவன் மேடையில் நின்றால் வீடியோவுக்கு வடிவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

அந்த வீடியோவை அவர் விடவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் டிவிடியைப் போடுவார். தொடக்கத்தில், விருந்தாளிகள் வந்து இறங்கும் இடத்தில், கார் பார்க்கில் நான் கையாட்டிக்கொண்டு நிற்பேன். அந்த இடத்தில் படத்தை நிறுத்துவார்.

"பாருங்கோ, எங்கடை ட்ராபிக் பொலிஸ்."

சனம் சிரிக்கும். அக்கா தேத்தண்ணி போட எழுந்து போய்விடுவாள். என் மனைவி பக்கத்தில் இருந்து என் முழங்காலை அழுத்துவாள், வாயைத் திறக்காதேங்கோ என்று அர்த்தம்.  

அப்படி ஒரு நாளில்தான் கார் கதை வந்தது. அத்தான் வாங்கிய வீட்டின் கராஜில் முந்திய சொந்தக்காரர் ஒரு காரை விட்டுவிட்டுப் போயிருந்தார். பாகம் பாகமாகப் பெட்டியில் வாங்கி, வீட்டிலேயே பூட்டிச் செய்கிற கார் அது. அடியில் பழைய ஜெர்மன் ஆமைக் காரின் தளமும் எஞ்சினும். மேலே பைபரில் செய்த உடம்பு. நீண்ட மூக்கு, இரண்டு பக்கமும் மிதிபலகை, கூரை கிடையாது, இரண்டு பேர் மட்டும் இருக்கலாம். அந்தக் காலத்து ராசாமார் ஓடிய காரைப் பார்த்துச் செய்த போலி. அந்த மனிதர் பாதியில் களைத்துப்போயிருக்க வேண்டும். மிச்சப் பாதியை அணில்கள் எடுத்துக்கொண்டன.

பனி தொடங்குமுன் கராஜைக் காலியாக்க அத்தானுக்கு அவசரம். வீடு நிறையச் சனம் இருந்தபோது என்னைப் பார்த்துச் சொன்னார்.

"மச்சான், உனக்கு ஒரு கார் தாறன், சும்மா. கார் பார்க்கிலை நிண்டு நிண்டு உனக்குக் காரிலை ஆசை வந்திருக்கும். உடம்பும் உன்ர குளிக்கிற தொட்டிதான். தண்ணி விட்டுக் குளிக்கலாம்."

"தாங்கோ அத்தான்" என்றேன்.

எங்கள் வீட்டுக்காரர் ஒரு கிரேக்கக் கிழவர். பின் சந்தில் அவருக்கு ஒரு கராஜ் இருந்தது. படிகளின் பனியை நான் வழித்துத் தருவதென்றும், கராஜை அவர் எனக்கு விடுவதென்றும் பேச்சு. இழுவை வண்டியில் வந்து இறங்கிய காரை அவர் சுற்றிப் பார்த்தார். தன் நெஞ்சில் ஒரு சிலுவை போட்டுவிட்டு மேலே போய்விட்டார்.

இருக்கைகளுக்குள் கொட்டைக் கோதுகளும் பஞ்சும். தரைத் தகட்டில் கை வைத்தால் கை வெளியே போனது. பிரேக் இறுகிக் கிடந்தது. பின்னால் இருக்கும் எஞ்சின் அசையவே மறுத்தது. பிளக் கழற்றிய துளைகளில் எண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, தினமும் வேலையால் வந்ததும் போய் நீளமான ஸ்பானரைப் போட்டுத் திருப்பிப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் அத்தானின் கழுத்தைத்தான் திருப்பினேன். ஒரு நாள் அது ஒரு முனகலோடு இளகியது. சந்தில் நின்று தனியாகக் கைதட்டினேன்.

உடம்பு என் தொழில். அந்தத் திமிரில்தான் பிழை விட்டேன். தொழிற்சாலையில் வருடம் முழுக்க ஒரே சூடு. கராஜில் மார்கழிக் குளிர். அதை நினைக்காமல் வெடிப்புகள் முழுக்கப் பிசின் பூசிப் பைபர் ஒட்டிவிட்டு, காய்ந்திருக்கும் என்று போய்த் தொட்டால் தேன் மாதிரி ஒட்டுகிறது. நாட்கணக்கில் காத்திருந்தும் காயவில்லை. முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டு வெயில் காலம் வரை கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். வெயில் வந்ததும் தேய்ப்பு. தேய்த்த தூசி சேட்டுக்குள், காதுக்குள், சோற்றுக்குள்.

"இஞ்சேருங்கோ, உந்த உடுப்போடை உள்ளுக்கு வராதேங்கோ" என்று மனைவி வாசலில் நின்று மறிப்பாள். "உந்த மனிசன் சிரிச்சதுக்கு நாங்கள் ஏன் சொறியிறது?"

"பொறு. அவரும் சொறிவார்."

முன்விளக்குகளின் கூடுகள் இரண்டையும் காணவில்லை. பார்க் எக்ஸ்டென்ஷன் பாத்திரக்கடையில் இரண்டு எவர்சில்வர் கோப்பைகள் வாங்கி, அடியில் துளைபோட்டுப் பூட்டினேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. தொழிற்சாலையில் மிஞ்சிய தந்தநிற மேற்பூச்சைக் கேட்டு வாங்கிப் பூசினேன். குளிக்கிற தொட்டி என்று சொன்னாரே, தொட்டியின் நிறத்திலேயே பளபளக்கட்டும் என்று. வீதியில் விடுவதற்கு முன் சோதனை செய்தவர் மூன்று முறை சுற்றிவந்தார். பிறகு தன் மனைவிக்கு அனுப்ப ஒரு படம் எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

கடைசியாக ஒரு வேலை செய்தேன். ஓட்டுகிற இருக்கைக்கும் பக்கத்து இருக்கைக்கும் நடுவே, கீழே, ஒரு சின்ன சுவிச். மேலே தட்டினால் எஞ்சின் உயிர் பெறும். கீழே தட்டினால் கார் அந்த இடத்திலேயே செத்துவிடும். கள்ளர் பயத்துக்கு என்று மனைவியிடம் சொன்னேன். உண்மையில் அது அத்தானுக்காக.

ஏனென்றால் அதற்குள் இரண்டாவது மருமகளுக்குப் பன்னிரண்டு வயதாகிவிட்டது. அத்தானை எனக்குத் தெரியும். மூத்தவளை லிமோசினில் கொண்டுவந்தார். பிறகு வேறொருவர் தன் மகளை, பழைய மொன்றியலில் சுற்றுலாக்காரரை ஏற்றுகிற குதிரை வண்டியில் கொண்டுவந்து அவர் மூக்கை உடைத்தார். ஒருவரும் காணாத ஒன்று அவருக்குத் தேவைப்படும். அதனால் அடுத்த வெயில் காலம் முழுக்க, ஞாயிற்றுக்கிழமைகளில் காரைக் கொண்டுபோய் அவர் வீட்டு வாசலிலேயே நிறுத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்தார்கள். அவர் கண்ணாடி ஜன்னலால் பார்த்தார். தூண்டில் போட்டுவிட்டுப் பொறுமையாக இருந்தேன்.

அடுத்த வருடம் அவர்களே என் சந்துக்கு வந்தார்கள். அத்தான், அக்கா, கையைக் கட்டிக்கொண்டு மருமகள்.

"மச்சான், பிள்ளை பெரிசாகிட்டாள். உன்ர காரிலைதான் கொண்டுவர வேணும். நாங்கள் தந்த கார்தானே!"

"அப்ப மாமன் ஆர் அத்தான்?"

"இதென்ன கேள்வி? நீதான். வேறை ஆர்?"

ஒன்றுமே நடக்காத மாதிரிச் சொன்னார். அதில்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. அவர் என்னைக் கூப்பிடவில்லை, காரைக் கூப்பிட்டார். காரோடு சேர்த்து நானும் போகிறேன். மருமகள் தாயிடம் பிரெஞ்சில் ஏதோ வெடுக்கென்று சொன்னாள். எனக்கு வேண்டாம் என்று எத்தனை தரம் சொன்னேன், ஒருவரும் கேட்கிறீர்கள் இல்லை என்ற மாதிரி. அக்கா "சும்மா நில்" என்றாள். எனக்கு அது விளங்கியது. ஆனால் என் மனதில் சுவிச் மட்டும்தான் இருந்தது.

திட்டம் இதுதான். அத்தானுக்கு நல்ல நேரம் என்றால் உயிர். அந்த ஞாயிறு பின்னேரம் ராகுகாலம் பிறக்குமுன் மகள் மண்டபத்துக்குள் காலடி வைத்துவிட வேண்டும். மண்டபத்துக்கு முந்திய சந்தியில் நாதஸ்வரமும் மேளமும் காத்திருக்கும். அங்கிருந்து கார் ஊர்ந்து போகும், வீடியோக்காரர் காருக்கு முன்னால் பின்பக்கமாக நடந்து நடந்து படம் எடுப்பார், சனமெல்லாம் இரண்டு பக்கமும் நிற்கும். அந்த இடத்தில் சுவிச்சைக் கீழே தட்டுவேன். பட்டு வேட்டியும் சால்வையுமாக அத்தான் என் காரைத் தள்ளுவார். அதுவும் டிவிடியில் ஏறும். பிறகு யார் பொலிஸ், யார் கூலி என்று பார்ப்போம்.

அன்று மருமகள் என் பக்கத்தில் ஏறி அமர்ந்தாள். தலை நிறையப் பூவும் நகையும், கழுத்தைத் திருப்ப முடியாத பாரம். நான் சுவிச்சை மேலே தட்டிக் காரைக் கிளப்பினேன்.

"உது என்ன மாமா?"

"கள்ளருக்கு. கீழை தட்டினால் கார் நிண்டுபோம்."

கொஞ்சத் தூரம் போனோம். பிறகு, பாதையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மாமா, அப்பா என்ர வகுப்புப் பிள்ளையள் எல்லாரையும் கூப்பிட்டிருக்கிறார். டீச்சரையும்."

"நல்லதுதானே. பிறந்தநாள் எண்டு சொல்லிவிடு."

"எப்பிடிச் சொல்லுறது? அவைக்கு விளங்க வேணும் எண்டு அப்பா கார்ட்டைப் பிரெஞ்சிலை அடிச்சவர். எனக்கு என்ன வந்தது, எந்த மாதம் வந்தது எண்டு எல்லாம் அதிலை கிடக்கு. பெடியங்களும் வாசிச்சவங்கள். கிழமை முழுக்க நான் சாப்பாட்டு அறைக்குப் போகேல்லை."

தமிழில் நாலு கவிதை வரிக்குள் ஒளித்து வைக்கிற விஷயத்தை, அந்த மனிசன் பெருமைக்காகப் பச்சையாக மொழிபெயர்த்து வகுப்பு முழுக்கக் கொடுத்திருக்கிறார். அவள் அழவில்லை. என்னைப் போலவே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் குடும்பத்துப் பல் அது.

சந்தி வந்தது. மேளம் முழங்கியது. அத்தான் காருக்கு முன்னால் வந்து நின்று, வீடியோவைப் பார்த்துக் கையை விரித்தார். அவர் அப்படி ஒன்று சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

"இது என்ர மச்சான் தன்ர கையாலை செய்த கார். மொன்றியலிலை இப்பிடி ஒண்டு ஒருத்தரிட்டையும் இல்லை!"

சனம் கைதட்டியது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இத்தனை வருடம் நான் சேர்த்து வைத்ததை இந்த மனிசன் ஒரே வாக்கியத்தால் கரைக்கப் பார்க்கிறாரே! ஆனால் கை சுவிச்சுக்குப் போகவில்லை. ஊர்ந்து கொண்டே இருந்தேன். மண்டப வாசல் தெரிந்தது. அங்கே படியில், கையில் பரிசுப் பைகளோடு, ஒரு கூட்டம் வெள்ளைக்காரப் பிள்ளைகளும் ஒரு டீச்சரும் நின்றார்கள்.

டக் என்று ஒரு சத்தம். எஞ்சின் நின்றது.

குனிந்து பார்த்தேன். மருதாணி போட்ட கை, சேலை மடிப்புக்குள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. மருமகள் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மச்சான்? என்ன?" அத்தான் ஓடிவந்தார். "நேரம் போகுது! ராகுகாலம் வரப்போகுது!"

ஒரு விரலால் தட்டினால் கார் ஓடும். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நான் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கின் மேல் வைத்தேன். அங்கே நின்ற இளந்தாரிகள் சிலர் தள்ள ஓடிவந்தார்கள்.

"தம்பிமார், தொடாதேங்கோ! பைபர் வெடிக்கும். லேசான கார், ஒராள் தள்ளினால் காணும்." பிறகு திரும்பி, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "தள்ளுங்கோ அத்தான்."

தள்ளினார். சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, வேட்டி தடுக்கத் தடுக்கத் தள்ளினார். மேளக்காரர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, அதனால் இன்னும் வேகமாக அடித்தார்கள். வீடியோக்காரர் காருக்குப் பின்னால் ஓடினார், இதை விட யாருக்கு மனம் வரும்? பட்டுச் சட்டையின் முதுகு முழுக்க நனைந்தது. நான் கண்ணாடியில் அவரைப் பார்த்தபடியே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை, அந்தச் சந்தோஷத்தை அதற்குப் பிறகு நான் காணவில்லை. வகுப்புப் பிள்ளைகள் அழைப்பிதழை மறந்து, அத்தானைப் பார்த்துக் கூச்சலிட்டுக் கைதட்டினார்கள். பக்கத்தில் மருமகளின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துத் திரும்பினேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே நான் தேங்காய் உடைத்தேன். ஒரே அடியில் சரிபாதியாக விழுந்தது. பாலில் தோய்த்த அறுகம்புல்லை அவள் தலையில் வைத்தபோது அக்கா என்னை நேரே பார்த்தாள். இந்த முறை குனியவில்லை.

அத்தான் அந்தத் துண்டை வீடியோவில் இருந்து வெட்டச் சொன்னார். நான் வெட்டாத பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவர் என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதுதான் ஓடியது. முதல் தரம் வாய்விட்டுச் சிரித்தார். இரண்டாம் தரம் புன்னகைத்தார். பிறகு, டிவி இருக்கும் பக்கம் முதுகு காட்டி அமரப் பழகினார்.

அடுத்த வருடத் தீபாவளிக்கு அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மருமகள் பரிமாறிக்கொண்டிருந்தாள். அத்தான் திடீரென்று தலையை நிமிர்த்தினார்.

"மச்சான், உண்மையைச் சொல்லு. அண்டைக்குக் கார் தானா நிக்கேல்லை, என்ன? ஆரோ நிப்பாட்டினது."

மருமகளின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. நான் அவளைப் பார்க்கவில்லை.

"ஓம் அத்தான். நான்தான்."

"ஏனடா?"

"மூத்தவளின்ரை சாமத்திய வீட்டிலை நேரம் வரேக்கை கூப்பிடுறன் எண்டனீங்கள். நான் கார் பார்க்கிலை நிண்டனான்."

சோற்றைப் பிசைந்த அவர் விரல்கள் நின்றுபோயின. அக்கா சமையலறை வாசலில் வந்து நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தலையைக் குனிந்து சாப்பிடத் தொடங்கினார். மருமகள் என் தட்டில் இன்னொரு வடையை வைத்தாள்.